மைக் செருகும் முன் அந்த 48ஐப் பாருங்கள்
வன்னியில் வைகாசி பிறந்தால் கோயில் மேடைகளுக்கு ஓய்வில்லை. மேடை மைக்குகளை எல்லாம் செருகும் ஒலிப்பெட்டியான மிக்சரில் ‘48’ என்று ஒரு பொத்தான் இருக்குமல்லவா? அதுதான் பான்டம் பவர்: மைக் வயர் வழியாகவே மிக்சர் அனுப்பும் 48 வோல்ற் மின்சாரம். உள்ளே மின்சுற்று வைத்த கொண்டென்சர் மைக்குகளில் பெரும்பாலானவை இது இல்லாமல் வாயே திறக்கா. கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை. மூன்று முனை வயர் ஒழுங்காக இருந்தால் கெடுதலும் இல்லை.

சிக்கல் வயரில்தான். மேடைக்கடியில் மிதிபட்டு, அவசரத்தில் ஈயம் வைத்து ஒட்டிய வயரில் ஒரு கம்பி விட்டிருந்தால், 2ஆம் 3ஆம் முனைகளில் சமமாகப் போகவேண்டிய மின்சாரம் ஒரு பக்கம் மட்டும் போகும். ரிபன் மைக்கில் சத்தத்தைப் பிடிக்கும் மெல்லிய உலோகத் தகடு அதில் பழுதாகிவிடலாம். யாராவது பழைய ரிபன் மைக் கொண்டுவந்தால் நான் பேச்சுக்கே இடமில்லாமல் பொத்தானை அணைத்துவிடுவேன். கீபோர்டை மைக் வாயிலில் கொடுக்கும்போதும் அப்படியே.

சரி, செருகும்போதும் கழற்றும்போதும் என்ன செய்வது? சத்தத்தை முழுதாகக் குறைத்து, 48ஐ அணைத்து, அரை நிமிடம் பொறுங்கள். இல்லாவிட்டால் ‘டப்’ என்ற சத்தத்தில் ஸ்பீக்கரும் போகலாம், முன்வரிசையில் கண்ணயர்ந்த ஆச்சியும் திடுக்கிட்டு எழும்புவா.