அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணப்பவர்கள் எந்த விசாவைத் தேர்ந்தெடுப்பது?

நாள் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்த பிறகுதான் பல குடும்பங்கள் விசாவைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகின்றன. அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவரை மணக்கப் போகிறவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். தாலி எந்த நாட்டில், எந்தத் தேதியில் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே எந்த விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது அமைகிறது.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, அங்கே இருப்பவரின் நிலை. அவர் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரா? குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை விசா என்ற வரம்பு கிடையாது. மனு ஏற்கப்பட்டதும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். கிரீன் கார்டுக்காரரின் துணைக்கு எஃப்2ஏ என்ற வரிசை இருக்கிறது, அதில் எண் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். கே-1 எனப்படும் வருங்காலத் துணைக்கான விசாவை அவரால் கோரவே முடியாது. வேலை வழியாகக் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு அது கைக்கு வரக் காத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே சட்டப்படி திருமணம் நடந்திருந்தால், துணைவர் தனி மனு இல்லாமல் அதே விண்ணப்பத்தைத் தொடர்ந்து வர வழியுண்டு. கிடைத்த மறுநாள் மணந்தால் அந்த வழி அடைபட்டு, எஃப்2ஏ வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

துணை குடியுரிமை பெற்றவர் என்றால் முக்கியமான வழிகள் இரண்டு. திருமணத்துக்கு முன்பே விண்ணப்பித்து, அமெரிக்கா சென்று அங்கே மணப்பது கே-1. இங்கேயே மணந்துகொண்டு, மனைவியாகவோ கணவனாகவோ குடியேற்ற விசாவில் செல்வது சிஆர்-1 அல்லது ஐஆர்-1. கே-3 என்று மூன்றாவதாக ஒன்றும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. வழக்கமான மனுவே அதற்கு முன்னால் முடிந்துவிடுவதால் இன்று அது பெயரளவில்தான் இருக்கிறது. யாராவது அதைப் பரிந்துரைத்தால் அவர் தகவல் பழையது என்று கொள்ளலாம்.

கே-1 வழியில், அமெரிக்காவில் இருப்பவர் ஐ-129எஃப் என்ற படிவத்தில் மனு செய்கிறார். இருவரும் மணம் செய்துகொள்ளச் சட்டத் தடையற்றவர்களாக இருக்க வேண்டும். முந்தைய மணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு முன்பே வந்திருக்க வேண்டும். மனு செய்யும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும், வீடியோ அழைப்பு இதற்குப் போதாது. மணமக்கள் முன்கூட்டியே சந்திக்கக் கூடாது என்ற நெடுங்கால வழக்கம் இருந்தால் விலக்குக் கேட்கலாம் என்று விதியில் இருப்பது உண்மைதான். ஆனால் பெண் பார்க்கும் சடங்கே சந்திப்பாக இருக்கிற நம் ஊர்க் குடும்பங்கள் அதை நம்பி இறங்குவதை விட, ஒரு விமானச் சீட்டை எடுத்துவிடுவதே மேல். விசா கிடைத்து அமெரிக்காவில் இறங்கிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள், மனு செய்த அதே நபரை மணக்க வேண்டும். இந்தக் கெடு நீட்டிக்கப்படாது. வேறொருவரை மணந்தோ வேறு விசாவுக்கு மாறியோ அங்கேயே தங்கிவிடவும் முடியாது.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்த வழியில் இடறும் இடம் நிச்சயதார்த்தம். கே-1 கேட்பவர் இன்னும் மணமாகாதவராக இருக்க வேண்டும். மாலையும் மோதிரமும் மாற்றி, பட்டுடுத்தி, முந்நூறு பேர் சூழ நிற்கும் படங்களைச் சான்றாக அனுப்பினால், இது திருமணமே என்று அதிகாரி கருத இடமுண்டு. அது வெறும் தோற்றப் பிழையும் அல்ல. இந்து திருமணச் சட்டத்தில் 1967-இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி, இந்துக்களான இருவர் உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ அணிவித்துக்கொண்டாலே, புரோகிதர் இல்லாமலும் அது முழுமையான திருமணம். சுயமரியாதைத் திருமணத்துக்காக வந்த இந்தப் பிரிவு, கே-1 விண்ணப்பதாரரின் நிச்சயதார்த்த ஆல்பத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கக்கூடும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆகவே கே-1 என்று முடிவெடுத்தால் விழாவை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். தாலி, மாலை மாற்றல் இரண்டும் வேண்டாம். ‘பாட்டியின் ஆசைக்காகக் கோயிலில் சும்மா ஒரு தாலி’ கட்டிவிட்டவர்கள் கே-1 பேச்சை விட்டுவிட்டு, திருமணத்தைப் பதிவு செய்து துணைவருக்கான விசாவுக்குச் செல்வதே சரி.

அந்தத் துணைவர் விசாவுக்கு ஐ-130 படிவமும், இங்கிருப்பவரின் விவரங்களுக்கான ஐ-130ஏ படிவமும் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றப் பணித்துறை மனுவை ஏற்றதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே கட்டணம் செலுத்தி, டிஎஸ்-260 படிவத்தை நிரப்பி, சான்றிதழ்களைப் பதிவேற்றிய பிறகு நேர்காணல் தேதி வரும். இந்தியாவில் இவ்வகை நேர்காணல்கள் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடக்கின்றன. சென்னையில்தானே தூதரகம் இருக்கிறது என்று எண்ணிப் பயணத் திட்டம் போட வேண்டாம். அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்காவிட்டால் அது சிஆர்-1, ஆகியிருந்தால் ஐஆர்-1. முன்னதில் இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டும், பின்னதில் பத்து ஆண்டுக்கானதும் கிடைக்கும். இரண்டாம் மணநாளுக்குச் சில வாரங்களே இருக்கும்போது விசா கைக்கு வந்தால், அதன் செல்லுபடிக் காலம் இடம் கொடுக்குமானால், மணநாள் கழித்து விமானம் ஏறுவது, நிபந்தனையை நீக்கக் கேட்டுப் பின்னால் செய்ய வேண்டிய ஒரு பெரிய விண்ணப்பத்தை மிச்சப்படுத்தும்.

செலவை ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணில் படும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி கே-1 வழியில் மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265, அங்கே மணந்த பின் கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பத்துக்கு 1,440 என மொத்தம் 2,380 டாலர். துணைவர் விசாவில் காகித மனுவுக்கு 675 (இணையத்தில் 625), ஆதரவுப் பத்திரப் (வருபவரின் செலவைத் தாங்குவதாக அமெரிக்காவில் இருப்பவர் தரும் உறுதி) பரிசீலனைக்கு 120, விசாவுக்கு 325, கிரீன் கார்டு அச்சிட 235 என 1,355 டாலர். மருத்துவப் பரிசோதனை இரண்டிலும் தனி. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் செலுத்தும் நாளில் அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை விடப் பெரிய வேறுபாடு சென்று இறங்கிய பின் தெரியும். துணைவர் விசாவில் சென்றவர் இறங்கிய நாளிலேயே நிரந்தரக் குடியிருப்பாளர். அடுத்த வாரமே வேலைக்குச் சேரலாம். கே-1-இல் சென்றவர் மணந்து, ஐ-485 விண்ணப்பித்து, வேலை அனுமதிக்கும் வெளிநாட்டுப் பயண அனுமதிக்கும் தனித்தனியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றாலும், பயண அனுமதி வராமல் கிளம்பினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். கே-1 விரைவானது என்ற பேச்சைக் கேட்டு முடிவெடுக்கும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். என் கணிப்பில், தமிழ்நாட்டில் மணக்க முடிந்த பெரும்பாலோருக்குத் துணைவர் விசாவே ஏற்றது.

கே-1 பொருந்துகிற இடங்களும் உண்டு. இந்தியச் சட்டம் தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்த உரிமையைத் தர மறுத்தது. அமெரிக்கக் குடியேற்றத் துறையோ 2013 முதல் அத்தகைய திருமணங்களை மற்றவற்றைப் போலவே நடத்துகிறது. மூன்றாவது நாட்டுக்குச் சென்று மணக்க வசதியில்லாத இணையருக்குக் கே-1 நேரான வழி. முந்தைய மணத்தில் பிறந்த, 18 வயதைத் தாண்டிய மகனோ மகளோ இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். மாற்றாந்தந்தை அல்லது மாற்றாந்தாய் அந்தப் பிள்ளைக்காக மனு செய்ய, பிள்ளைக்கு 18 முடிவதற்குள் திருமணம் நடந்திருக்க வேண்டும். கே-1-உடன் இணைந்த கே-2 விசாவோ 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

இங்கே மணப்பதாக இருந்தால் எந்தச் சட்டத்தின் கீழ் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டம் போதும். மணமகன் கிறித்தவரான அமெரிக்கர், மணப்பெண் இந்துவான மதுரைக்காரி என்றால், மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் எடுத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும் அந்தச் சடங்கு மட்டும் சட்டப்படியான திருமணமாகாது. இத்தகைய இணையர் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்தான் மணக்கிறார்கள். அதற்கு இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்பு கொடுத்த பின் மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். உள்ளூர்க்காரரின் வசிப்பே போதுமானது என்றாலும், அறிவிப்புக்குத் தேவையான தாள்களை வெளிநாட்டவர் முன்கூட்டியே அனுப்பாவிட்டால், மூன்று வார விடுப்பில் வந்து மணம் முடித்துத் திரும்புவது நடவாது. எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தாலும் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் இல்லாமல் மனு நகராது. திருமண அழைப்பிதழும் மண்டப ரசீதும் துணைச் சான்றுகள் மட்டுமே.

மற்ற சான்றிதழ்களில் இரண்டு இடங்களில் நம்மவர்கள் சிக்குகிறார்கள். ஒன்று, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லாமல் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் இருப்பது; நகராட்சியிலோ ஊராட்சியிலோ பெயரைச் சேர்த்துப் புதிய பிரதி வாங்கிவிடுங்கள். மற்றொன்று, பெயர். இனிஷியலோடு வாழ்ந்த நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்றில்லை, ஆனால் பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயரின் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகிவிடும். அதன் பொருள் ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பது. அதோடு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று அலைவதை விட, மனு செய்வதற்கு முன்பே தந்தை பெயரைக் குடும்பப்பெயராகப் பிரித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது. மனுவோடு தரும் சான்றுகள் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்திடம் வாங்கும் காவல் துறைச் சான்றை நேர்காணல் நெருங்கும்போது பெற்றால் போதும்.

அமெரிக்காவில் இருப்பவர் ஐ-864 என்ற ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அவருடைய வருமானம், குடும்ப அளவுக்குரிய வறுமைக்கோட்டில் 125 விழுக்காடாவது இருக்க வேண்டும், குறைந்தால் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திடலாம். மாமாவோ நண்பரோ அந்த இடத்தில் கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தப் பொறுப்பு மணமுறிவோடு முடிவதில்லை. வந்தவர் குடியுரிமை பெறும் வரையோ, ஏறத்தாழ பத்து ஆண்டு வேலைக்கணக்கு சேரும் வரையோ நீடிக்கும்.

இருவருமே அமெரிக்காவில், ஒருவர் மாணவர் விசாவிலோ எச்-1பி என்ற வேலை விசாவிலோ இருந்தால் ஊருக்கு வந்து காத்திருக்கத் தேவையில்லை. அங்கேயே மணந்து ஐ-130, ஐ-485 இரண்டையும் ஒன்றாகச் சமர்ப்பிக்கலாம். ஆனால் சுற்றுலா விசாவில் சென்று மணந்து தங்கிவிடலாம் என்று இங்கிருந்தே திட்டமிட்டுப் போவது வேறு. நுழையும்போது நோக்கத்தை மறைத்ததாக முடிவானால், நிரந்தரத் தடை வரை போகும்.

நேர்காணலில் அதிகாரி பார்ப்பது, இது மெய்யான உறவா என்பதைத்தான். ஸ்டூடியோ ஆல்பத்தை விட, இரு குடும்பங்களும் சேர்ந்திருக்கும் சாதாரணப் படங்கள், விமானச் சீட்டுகள், மாதவாரியான பேச்சுப் பதிவுகள், பணம் அனுப்பிய ரசீதுகள் வலுவானவை. ஒருவர் முன்பு மணமானவர் என்பதை மற்றவர் குடும்பத்திடம் மறைத்திருந்தால் அது அந்த மேசையில் வெளிவரும்.

நிபந்தனைக் கிரீன் கார்டு பெற்றவர்கள், அது முடியும் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 படிவம் சமர்ப்பிக்க வேண்டும். இதைக் காட்டி, ‘நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்’ என்று துணையை மிரட்டுபவர்கள் உண்டு. மணமுறிவு நடந்திருந்தாலும், வன்முறைக்கு ஆளாகியிருந்தாலும், திருமணம் நல்லெண்ணத்தில் நடந்தது என்பதை நிறுவி, மற்றவர் கையெழுத்து இல்லாமல் தனியாகவே அந்தப் படிவத்தைச் சமர்ப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகவாவது திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட், கிரீன் கார்டு ஆகியவற்றின் நகல்களை உங்கள் பெற்றோர் வீட்டிலும் ஒரு பிரதி வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.