'ப்ளைன் அண்ட் சிம்பிள்': வாக்கியத்தில் எங்கே வைப்பது, எப்போது தவிர்ப்பது

"இட்ஸ் எ ஸ்கேம், ப்ளைன் அண்ட் சிம்பிள்." ஆங்கில விவாதங்களிலும் தொடர்களிலும் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். 'எளிமையான' என்று பொருள் எடுத்தால் 'எளிமையான மோசடி' என்றாகிவிடும்! சொல்ல வருவது 'பச்சை மோசடி'. பச்சைப் பொய், பச்சைத் துரோகம் என்கிறோமே, அந்தப் 'பச்சை' செய்கிற வேலையை இது வாக்கியத்தின் கடைசியில் நின்று செய்கிறது.

படி 1: எந்த வேலைக்கு என்று பாருங்கள்

'எ ப்ளைன் அண்ட் சிம்பிள் ரூம்' என்றால் ஆடம்பரம் இல்லாத அறை. அகராதிப் பொருளே போதும், இதில் பயில ஒன்றுமில்லை. கடைசியில் வருவதுதான் நமக்கு வேண்டியது.

படி 2: முதலில் அது இல்லாமல் எழுதுங்கள்

'ஹி லைட்' (அவன் பொய் சொன்னான்). வாக்கியம் முடிந்துவிட்டது. இப்போது முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு ஒரு காற்புள்ளி போட்டுச் சேருங்கள்: 'ஹி லைட், ப்ளைன் அண்ட் சிம்பிள்.' சேர்த்ததை எடுத்தாலும் முன்பாதி தனியாக நிற்க வேண்டும்.

வரிசையை மாற்றாதீர்கள். 'சிம்பிள் அண்ட் ப்ளைன்' காதில் இடறும். நாமும் 'புரட்டும் பொய்யும்' என்பதில்லை. எழுத்தும் கவனம்: பி-எல்-ஏ-ஐ-என். விமானத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் இதே ஒலிதான், அதனால் போனில் குரலால் தட்டச்சு செய்கிறவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

படி 3: வாய்விட்டுச் சொல்லுங்கள்

காற்புள்ளியில் ஒரு நொடி நிறுத்தம். 'அண்ட்' என்பதில் 'ட்' விழுந்துவிடும்: ப்ளைன்-அன்-சிம்பிள். அழுத்தம் 'ப்ளைன்', 'சிம்' இரண்டிலும்.

படி 4: மூடி மறைப்பு இருக்கிறதா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 'தி மீட்டிங் இஸ் அட் டென், ப்ளைன் அண்ட் சிம்பிள்' என்பதில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் பத்து மணி என்பதை யாரும் மழுப்பவில்லையே, எதை உடைக்க இந்த அழுத்தம்?

யாரோ ஒரு விஷயத்துக்கு வேறு பெயர் சூட்டிப் பூசி மெழுகும்போதுதான் இதற்கு வேலை. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் 'பதிவுக் கட்டணம்' கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தே கால் இட் எ ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ. இட்ஸ் எ ஸ்கேம், ப்ளைன் அண்ட் சிம்பிள்.' முதல் வாக்கியம் அவர்கள் போட்ட போர்வை, இரண்டாவது அதை உருவி எறிவது. இந்த இரட்டை அமைப்பைப் பழகிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நல்லதுக்கும் சொல்லலாம். 'இட் வாஸ்ன்ட் லக். இட் வாஸ் ஹார்ட் வொர்க், ப்ளைன் அண்ட் சிம்பிள்.' அதிர்ஷ்டம் என்று யாரோ சொன்னதை மறுக்கிறோம்.

படி 5: வாயைக் கட்ட வேண்டிய இடம்

இது 'இதற்கு மேல் பேச்சில்லை' என்கிற தொனி. மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் 'யுவர் பிளான் இஸ் ராங், ப்ளைன் அண்ட் சிம்பிள்' என்று போட்டால் முகத்தில் அடித்தது போல இருக்கும். ஒரு வழிமுறை சுலபம் என்று சொல்ல மட்டும் வேண்டுமானால் 'தி ப்ராசஸ் இஸ் ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்' போதும்.

'ப்யூர் அண்ட் சிம்பிள்' என்றும் கேட்டிருப்பீர்கள். வாக்கியக் கடைசியில் இரண்டில் எதையும் போடலாம். ஆடம்பரம் இல்லாத அறை, சாப்பாடு என்று சொல்ல 'ப்ளைன்'தான் ஒட்டும்.

பயிற்சி

எதில் சேர்க்கலாம்?

அ) 'தி பஸ் இஸ் ப்ளூ.'
ஆ) 'தே சே இட்ஸ் எ கிஃப்ட். இட்ஸ் எ பிரைப் (லஞ்சம்).'
இ) 'மை நேம் இஸ் குமார்.'

விடை 'ஆ'. பெயரைச் சொல்லிவிட்டு 'ப்ளைன் அண்ட் சிம்பிள்' சேர்ப்பவர், அதற்கு முன் வேறு பெயரில் மாட்டிக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.