லோடு பிக்கப்பில் பிரேக் பத்தவில்லையா? பெடலில் இருந்து தொடங்குங்கள்

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிகளுக்கு ஓடும் பிக்கப்களில் அடிக்கடி வரும் புகார் இது: "காலி வண்டி நல்லா நிக்குது, லோடு ஏத்தினா பிரேக் பத்தல." உடனே லைனிங்கை (உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டையை) மாற்றிவிடுகிறார்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அந்தப் பணம் தண்டம். பெடலை மிதித்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின் டிரம்மை (பின் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளையை) கழற்றும்போது ஹேண்ட் பிரேக்கை விட வேண்டியிருக்கும், அப்போது இந்தக் கட்டைதான் காப்பு. தூக்கிய வண்டிக்கு ஸ்டாண்டும் கொடுங்கள், ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பக் கூடாது. ஒன்று லைனிங் தேய்ந்திருக்கிறது, இல்லை எங்கோ ஒழுகுகிறது.

அடுத்தது பெடல். எஞ்சினை அணைத்து நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் கெட்டியானதும் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால், மிதிக்கும் பலத்தை வேக்குவத்தால் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கல் மாதிரி நின்றால் வேக்குவம் ஹோஸ், வேக்குவம் பம்ப், பூஸ்டர் என்று அந்த வரிசையில் பாருங்கள். ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தாலே போதும், இந்தக் கோளாறு வந்துவிடும்.

பெடல் மெத்தென்று அமுங்கினால் பிரேக் ஆயில் லைனில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லத் தரைக்குப் போனால் வெளியே ஒழுக்கு இருக்கும், இல்லையென்றால் பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் போயிருக்கும். முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் மேலே நின்றால், பெரும்பாலும் பின் ஷூவுக்கும் (டிரம்முக்குள் லைனிங் ஒட்டிய வளைந்த துண்டு) டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்டரைத் திருப்பிச் சக்கரம் லேசாக உரசும் வரை டைட் வைத்து, பிறகு தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

டிரம்மைத் திறந்தால் ஷூவில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகினால் பிரேக் ஆயிலும், ஆக்சில் சீல் போனால் கியர் ஆயிலும் இறங்கியிருக்கும். ஒழுக்கைச் சரிசெய்துவிட்டு, ஆயில் குடித்த லைனிங்கை மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது வேண்டாம். முன் டிஸ்க் பிரேக்கின் பேடில் லைனிங் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் மாற்றிவிடலாம். பேடானாலும் ஷூவானாலும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

காலையில் நன்றாகப் பிடித்த பிரேக் தொப்பூர் இறக்கத்தில் மட்டும் விட்டுப்போகிறது என்றால் காரணம் சூடு. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் அந்த இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் கொதித்துப் பிடிப்பு போகும். பழைய ஆயில் இன்னும் மோசம். டாட் 3 (DOT 3) தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இதே அளவுகள் 230, 155. ஆயில் கொதித்தால் லைனில் ஆவி நிற்கும், பெடல் சும்மா கீழே போகும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. எஞ்சினை அணைத்துவிட்டால் பூஸ்டர் உதவியும் போய்விடும்.

லைனில் உள்ள காற்றை எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வண்டிகளில் அது பெரும்பாலும் பின் இடது. ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளை (ஆயிலை வெளிவிடும் திருகை) திறந்து, குமிழியோடு ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடலாம். குமிழி நிற்கும் வரை இப்படியே செய்யுங்கள், நடுவில் டப்பா வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் காலி வண்டியை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் பாதி லோடு. ஆர்சியில் உள்ள எடையைத் தாண்டி ஏற்றினால் இந்த வேலை எதுவும் கைகொடுக்காது.