பெரும்போகத்துக்கு முன் கமநல சேவை நிலையத்தில் முடிக்க வேண்டியவை

2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவுக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் நகரக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 116,670 ரூபா. கிராமக் குடும்பத்தினது 69,517 ரூபா. இந்த இடைவெளியை, விவசாயிகளுக்கான அரசின் கமநல சேவைகள் மட்டும் அடைத்துவிடா. எனினும், திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலோ தம்பலகாமத்திலோ மழைக்காலப் பெரும்போகத்தில் வயல் செய்பவர் தமக்குரிய உதவியைப் பதிவில்லாத காரணத்தால் இழப்பது தவிர்க்கக்கூடியது.

முதல் வேலை, உங்கள் பிரிவுக் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பேணப்படும் விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயரும் வயலின் பரப்பும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பதாகும். குத்தகைக்குச் செய்பவர்கள் இதில்தான் பெரிதும் நட்டப்படுகிறார்கள்: உழுவதும் விதைப்பதும் அவர்கள், ஏட்டிலிருப்பதோ பட்டணத்தில் வசிக்கும் காணிக்காரரின் பெயர், ஆகவே உர மானியமும் அவர் கணக்குக்கே போய்ச் சேரக்கூடும். குத்தகையை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் பெற்று, கமக்காரர் அமைப்பின் தலைவரிடமும் உறுதிப்படுத்தல் வாங்கிக்கொண்டு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளுடன் விதைப்புக்கு முன்பே செல்லுங்கள்.

அடுத்தது பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். கந்தளாய்க் குளத்துப் பாய்ச்சலில் இருப்பவர்களுக்கு நீர் திறக்கும் நாளும் விதைப்பின் கடைசித் திகதியும் அங்கேதான் முடிவாகின்றன. பிந்தி விதைத்தவர், கடைசித் தண்ணீர் நிறுத்தப்பட்ட பின் யாரிடமும் முறையிடுவதற்கில்லை.

வெள்ளத்தில் பயிர் அழிந்தால், பயிர்க் காப்புறுதியான கமக்காப்புறுதிக்காக உடனே நிலையத்துக்கு அறிவித்து, தண்ணீர் வடியுமுன் படமெடுத்து வையுங்கள். நோய், பூச்சி பற்றிய ஐயங்களுக்கு விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். அவரைப் பிடிக்க முடியாதபோது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் உண்டு.

அறுவடையின்போதுதான் உண்மையான பணம் கைமாறுகிறது. விதைப்புக்காலத்தில் வியாபாரியிடம் கடன் வாங்கியவர், அவர் சொல்லும் விலைக்கே காயவைக்காத பச்சை நெல்லை வயலடியில் கொடுக்க வேண்டியவராகிறார். அந்தக் கடனுக்கு எழுதப்படாத வட்டி அந்த விலைக்குறைப்பே என்பது என் எண்ணம். இயன்றால் கடனைக் கமக்காரர் அமைப்பு மூலமோ வங்கியிலோ எடுத்து, நெல்லை ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து, அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும் காலத்தில் அதன் விலையையும் ஆலை விலையையும் ஒப்பிட்டபின் விற்பனையைத் தீர்மானியுங்கள். காயவைக்கும் களமோ தார்ப்பாயோ இல்லாதவர்கள், அறுவடைக்கு முன்னரே அயல் வயற்காரருடன் சேர்ந்து அதற்கு ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.