எந்தக் கடனை முதலில் அடைப்பது?

எங்கள் சேமிப்புக் குழுவில் கணக்கு எழுதுபவள் நான். கடனில் சிக்கியவர்கள் வந்து உட்கார்ந்தால், ‘செலவைக் குறையுங்கள்’ என்று நான் ஆரம்பிப்பதில்லை. பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே வயிற்றைக் கட்டித்தான் வாழ்கிறார்கள். சம்பாத்தியத்தைத் தின்பது வட்டி.

முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். கைமாற்று, அடகு, தவணையில் வாங்கிய ஃபோன், எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மீதி அசல், வட்டி, கட்ட வேண்டிய தேதி. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் தாளுக்கு வராவிட்டால், போடுகிற திட்டம் எதுவும் நிற்காது.

அப்புறம் எல்லா வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும்; ஆண்டுக்கு அது 36 சதவீதம். மாதம் நூற்றுக்குப் பத்து என்று வாங்கி, எதுவும் கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறினால், 100 ஒரே ஆண்டில் 313-ஐத் தாண்டிவிடும். இன்னொரு வகை, ஃப்ளாட் வட்டி. ‘ஆண்டுக்கு 12 சதவீதம்தான், 12 மாதத் தவணை’ என்பார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் போடப்பட்டிருக்கும். குறையும் அசலை வைத்துக் கணக்கிட்டால் அது சுமார் 21.5 சதவீதம். அதனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வட்டி முழு அசலுக்கா, மீதி அசலுக்கா?

சரி, தாள் தயார். எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணையைத் தேதி தவறாமல் கட்டுங்கள். அதற்கு மேல் மிஞ்சுவதெல்லாம் ஆண்டு வட்டி அதிகமாக உள்ள கடனுக்கு. சின்னக் கடனை முதலில் முடித்தால் தெம்பு வரும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குள் பெருவட்டிக் கடன் வளர்ந்துவிடுகிறது. கூடுதலாகக் கொடுக்கும்போது ‘இது அசலுக்கு’ என்று சொல்லி, ரசீதிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

கடன் தீரும்வரை சேமிப்பே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கொஞ்சமாவது தனியே இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு காய்ச்சல் வந்தாலும் அதே வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக ஜாமீன். நெருங்கிய உறவு கேட்டால் மறுப்பது கஷ்டம், தெரியும். ஆனால் வாங்கியவர் கட்டாவிட்டால் கேள்வி உங்களிடம் வரும். ஏற்கெனவே போட்ட கையெழுத்து இருந்தால் அந்தத் தொகையையும் தாளில் தனி வரியாக எழுதுங்கள். புதிதாக ஒருவர் கேட்டால், முழுத் தொகையையும் நீங்களே கட்டும் நிலையில் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.