சட்டமன்றத்தில் சிறுபான்மையினரை எண்ணும்போது நேரும் தவறுகள்

தேர்தல் முடிவு வந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். முஸ்லிம் எம்எல்ஏக்கள் இத்தனை பேர், கிறிஸ்தவர்கள் இத்தனை பேர் என்று. ஒரு தரப்பு அதைப் பார்த்து வருந்தும், இன்னொரு தரப்பு ‘இது போதாதா?’ என்று கேட்கும். பல நேரம் அந்தப் பட்டியலே தப்பாக இருக்கும். சிறுபான்மையினருக்குச் சட்டமன்றத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது உண்மையான குறை. அதைத் தப்பான கணக்கோடு சொன்னால், எதிரில் இருப்பவர் கணக்கை உடைத்துவிட்டு, குறையையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார். 2021இல் அமைந்த தமிழ்நாட்டின் 16ஆவது சட்டமன்றத்தை எடுத்துக்கொண்டு, எங்கெல்லாம் சறுக்குகிறோம் என்று பார்க்கலாம்.

கட்சிப் பெயரைப் பார்த்து எண்ணுவது

தேர்தல் ஆணையத்தின் 2021 முடிவுகளில், முஸ்லிம் கட்சியான மனிதநேய மக்கள் கட்சியின் (மமக) கணக்கில் ஓர் இடம்கூட இல்லை. ஆனால் அக்கட்சியின் தலைவர் ஜவாஹிருல்லா பாபநாசத்திலும், அப்துல் சமது மணப்பாறையிலும் வென்றார்கள். இருவரும் உதயசூரியன் சின்னத்தில் நின்றதால் ஆணையம் அவர்களைத் திமுக கணக்கில் எழுதியது. திமுகவின் 133 இடங்களில் அந்தக் கட்சியின் சொந்த ஆட்கள் 125 பேர். மீதி 8 பேர் மதிமுக, மமக, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் மட்டும் தன் ஏணிச் சின்னத்திலேயே கடையநல்லூர், வாணியம்பாடி, சிதம்பரம் ஆகிய மூன்றிலும் நின்று மூன்றிலும் தோற்றது. கட்சி வாரியான அட்டவணையை மட்டும் பார்ப்பவர், ‘முஸ்லிம் கட்சிகள் பூஜ்யம்’ என்று எழுதிவிடுவார்.

முஸ்லிம் கட்சிகளோடு எண்ணிக்கையை நிறுத்துவதும் இதே தவறுதான். ஆவடியில் நாசர், செஞ்சியில் மஸ்தான், பாளையங்கோட்டையில் அப்துல் வகாப் ஆகிய மூவரும் திமுகவினர். வேளச்சேரியில் வென்ற அசன் மௌலானா காங்கிரஸ். நாகப்பட்டினத்தில் வென்ற ஆளூர் ஷாநவாஸ் விடுதலைச் சிறுத்தைகள். மமகவின் இருவரையும் சேர்த்தால் 7 பேர். 234இல் இது சுமார் 3 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. அந்த விகிதத்தில் பார்த்தால் 13 அல்லது 14 பேர் இருந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட பாதி இடம் காணோம் என்பதுதான் சரியான வாதம். பூஜ்யம் என்று மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

தேர்தல் சின்னம் பற்றிய இந்த விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எந்தக் கட்சியின் வேட்பாளராக வென்றாரோ அந்தக் கட்சியின் கொறடா உத்தரவுக்கு உறுப்பினர் கட்டுப்பட வேண்டும். உதயசூரியனில் வென்ற சிறிய கட்சிக்காரர் அவையில் திமுக உறுப்பினர்தான். பேசலாம், கோரிக்கை வைக்கலாம். வாக்கெடுப்பு வந்தால் கை கட்டப்பட்டிருக்கும். சொந்தச் சின்னத்தில் நின்று தோற்பதா, பெரிய கட்சியின் சின்னத்தில் வென்று அடங்கியிருப்பதா என்ற இக்கட்டில்தான் ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் கட்சிகள் நிற்கின்றன. இதைக் கணக்கில் கொள்ளாமல் ‘7 பேர் இருந்தும் என்ன செய்தார்கள்?’ என்று கேட்பது நியாயமில்லை.

‘அவர்கள் ஊரில் அவர்கள் ஜெயிக்கிறார்கள்’

மேலே சொன்ன தொகுதிகளை மறுபடியும் பாருங்கள். ஆவடி, செஞ்சி, வேளச்சேரி, மணப்பாறை. இவற்றில் எதையும் முஸ்லிம் வாக்கை மட்டும் நம்பி யாரும் வெல்ல முடியாது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் வாணியம்பாடியிலோ லீக் தோற்றது. தமிழ்நாட்டில் சிறுபான்மை வேட்பாளரின் வெற்றியைப் பெரும்பாலும் முடிவு செய்வது கூட்டணியும் அதன் அலையும்.

கேரளத்தோடு ஒப்பிடும்போது இது இன்னும் தெளிவாகும். 2021இல் அங்கே லீக் 140இல் 15 இடங்களை வென்றது. அதில் 11 மலப்புரம் மாவட்டத்தில். அந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 70 விழுக்காடு. ஒரே இடத்தில் திரண்டிருக்கும் 100 வாக்குக்கும், பத்து ஊரில் சிதறிய 100 வாக்குக்கும் நம் தேர்தல் முறையில் ஒரே மதிப்பு கிடையாது. அதிக வாக்கு வாங்கியவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் முறை இது. ‘கேரளத்து லீக் சாதித்ததை இங்கே ஏன் முடியவில்லை’ என்று தலைவர்களின் திறமையைக் குறை சொல்லும் முன், மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவர்கள் விஷயத்தில் இதற்கு நேர்மாறான மயக்கம். மாநிலத்தில் 6.12 விழுக்காடு என்றாலும், கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 46.85 விழுக்காடு. அங்கிருந்து கிறிஸ்தவ எம்எல்ஏக்கள் வருவது இயல்பு. அவர்களை எண்ணிவிட்டு ‘கிறிஸ்தவர்களுக்குப் பிரதிநிதித்துவம் இருக்கிறது’ என்று முடித்துவிட்டால், செங்கல்பட்டுப் பக்கத்துத் தலித் கிறிஸ்தவருக்கு அதில் என்ன இருக்கிறது?

தனித் தொகுதியைச் சிறுபான்மைக் கணக்கில் சேர்ப்பது

இருப்பதிலேயே அதிகம் காயப்படுத்தும் தவறு இதுதான். தமிழ்நாட்டில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. இவை அரசமைப்பின் 332ஆவது பிரிவின் கீழ் வருபவை. மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றத்தில் ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை. அரசமைப்பு நிர்ணய சபையில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை 1949 மே மாதம் கைவிட்டார்கள். முஸ்லிம் இடங்களுக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென்று வாதாடிய சென்னை மாகாணத்துக் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயிலின் குரல் அங்கே எடுபடவில்லை.

இரண்டையும் ‘சிறுபான்மை ஒதுக்கீடு’ என்று ஒன்றாகக் கட்டுபவர்கள், நடுவில் விழுந்து கிடப்பவர்களைப் பார்ப்பதில்லை. யார் பட்டியல் சாதியினர் என்று வரையறுக்கும் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களும், 1956 முதல் சீக்கியரும், 1990 முதல் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினர். அதே சேரி, அதே தீண்டாமை, அதே கூலி வேலை. ஞானஸ்நானம் பெற்றவருக்கு அந்தத் தகுதி போய்விடும். தனித் தொகுதியில் அவரால் வேட்புமனு தாக்கல் செய்ய முடியாது. பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை. தலித் கிறிஸ்தவர் சட்டப்படி தலித் கணக்கில் வரமாட்டார். கிறிஸ்தவர் கணக்கிலோ எண்ணிக்கைக்கு உதவுவாரே தவிர, வேட்பாளர் ஆவது அரிது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று ஒன்றிய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆணை மாறவில்லை.

இதன் கூர்மையைத் தேவிகுளம் வழக்கில் பார்த்தோம். கேரளத்தில் தமிழர்கள் நிறைந்த அந்தத் தனித் தொகுதியில் 2021இல் வென்ற ஏ. ராஜா கிறிஸ்தவர் என்ற குற்றச்சாட்டில், 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவருடைய வெற்றியைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அவரது வெற்றி செல்லும் என்றது. மக்கள் வாக்களித்து நான்கு ஆண்டு கழித்து, ஒருவருடைய மதம் என்ன என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பெயரை வைத்து மதத்தை ஊகிப்பது

வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் இருக்கும், மதம் இருக்காது. வென்றவர்களை மத வாரியாகத் தேர்தல் ஆணையம் வெளியிடுவதும் இல்லை. ஊடகங்களில் வரும் எண்ணெல்லாம் பெயரைப் பார்த்து யாரோ போட்டவை. முஸ்லிம் பெயர்களில் தவறு குறைவு. தூயதமிழ்ப் பெயர் வைத்திருக்கும் கிறிஸ்தவர்கள் தென்மாவட்டங்களில் ஏராளம். ஸ்டாலின் என்று பெயர் கொண்ட இந்துக்களும் உண்டு. கிறிஸ்தவ எம்எல்ஏக்கள் இத்தனை என்று யாராவது துல்லியமாகச் சொன்னால், எப்படி எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

3.5 விழுக்காடு

2007இல் தமிழ்நாடு அரசு முஸ்லிம்களுக்குக் கொடுத்த 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கல்விக்கும் அரசு வேலைக்கும் மட்டும் உரியது. சட்டமன்ற இடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிறிஸ்தவர்களுக்கும் அப்போது அதே அளவு கொடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டே அவர்கள் கேட்டுக்கொண்டபடி திரும்பப் பெறப்பட்டது. கல்வி, வேலை ஒதுக்கீட்டையும் சட்டமன்ற இடத்தையும் குழப்பி ‘ஏற்கெனவே ஒதுக்கீடு வாங்குகிறார்களே’ என்று பேசுபவர்கள் மேடைகளிலேயே இருக்கிறார்கள்.

பழைய சென்னை மாகாணத்தோடு ஒப்பிடுவது

ஆங்கிலேயர் ஆட்சியின் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணப் பேரவையின் 215 இடங்களில் 28 முஸ்லிம்களுக்கும் 8 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தனியாக இருந்தன. ‘அன்று 13 விழுக்காடு, இன்று 3’ என்று எழுதுவது கேட்க உறைக்கும், ஆனால் நிற்காது. அந்த மாகாணத்தில் மலபாரும் ஆந்திரமும் சேர்ந்திருந்தன. முஸ்லிம் இடங்களுக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்தார்கள், அதிலும் சொத்தோ படிப்போ உள்ள சிலர்தான். நியமன ஆங்கிலோ-இந்திய உறுப்பினரைச் சேர்த்து இன்றும் 235 என்று எழுதுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 104ஆவது திருத்தத்தின்படி 2020 ஜனவரியோடு அந்த இடம் போய்விட்டது. சட்டத்தின் மூலம் ஒரு சிறுபான்மைக்கு இருந்த கடைசி நாற்காலி அது.

வென்றவர்களை மட்டும் பார்ப்பது

ஒரு கட்சி சிறுபான்மையினரை நிறுத்தவே இல்லை என்றால், அவர்களை மக்கள் ஏற்கவில்லை என்று சொல்ல வழியில்லை. நிறுத்திய இடமும் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். கட்சி வழக்கமாக வெல்லும் தொகுதியா, யாரும் கேட்காத தொகுதியா? வேட்பாளர் பட்டியல்கள் வாக்குப்பதிவுக்கு வாரக்கணக்கில் முன்பே எல்லோருக்கும் கிடைக்கின்றன. பெரிய கட்சிகள் ஒவ்வொன்றும் 234இல் எத்தனை சீட்டு, எந்தெந்தத் தொகுதியில் கொடுத்தன என்பதை அப்போதே எண்ணி, அப்போதே கேட்டால், கட்சிகள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். முடிவு வந்த பிறகு கேட்டால், ‘மக்கள் தீர்ப்பு’ என்று கை காட்டிவிடுவார்கள்.