வெளிநாட்டுப் பையன் சபைக்கு வருகிறான்: முதன்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

ஜெர்மனியிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவன் மூன்று வாரம் தங்க வருகிறான் என்று எங்கள் கிறிஸ்தவ சபையின் ஐயர் (போதகர்) அறிவித்தார். ஈரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் சபையில் அன்றைக்கே வரவேற்பு பேனருக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேனர் கடைசி வேலை. என்னைக் கேட்டால் வேண்டாத வேலை. செய்ய வேண்டியவை வேறு.

1. டிக்கெட் போடும் முன்பே என்ன விசா என்று கேளுங்கள். பெரும்பாலும் சுற்றுலா விசாதான் இருக்கும். அதில் வருகிறவர் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், ஊர் சுற்றலாம், பிரசங்கம் மட்டும் பண்ணக்கூடாது. ஊழியத்துக்கு வருகிறவர்களுக்குத் தனியாக மிஷனரி விசா உண்டு. நம் ஆட்களோ வெள்ளைக்காரரைப் பார்த்த மாத்திரத்தில் மைக்கை நீட்டிவிடுவார்கள். "ரெண்டு வார்த்தைதானுங்களே" என்பார்கள். ஐயரிடமும் செயலாளரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

2. பெரிய வீடாகப் பார்க்காதீர்கள். உள்ளே தாழ்ப்பாள் உள்ள தனி அறையும், பகலில் ஆள் இருக்கிற வீடும் போதும். நாங்கள் ஓர் அமிச்சி (எங்கள் பக்கத்தில் பாட்டி) வீட்டைப் பிடித்தோம். அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கூச்சமும் கிடையாது.

3. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த வீட்டுக்காரர் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். 'சி ஃபார்ம்' என்று சொல்லிவந்தது இதைத்தான். ஓட்டல் மட்டுமல்ல, வீடும் இதில் அடங்கும். பாஸ்போர்ட், விசா நகல், புகைப்படம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் முன்னமே வாங்கிவிடுங்கள். அந்த இணையதளத்தில் வீட்டு முகவரியில் கணக்குத் தொடங்கும் வேலையைச் சில நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வந்த இரவில் உட்கார்ந்தால் கை நடுங்கும்.

4. அப்புறம் சாப்பாடு. முதல் நாளே அமிச்சி பள்ளிபாளையம் சிக்கன் செய்துவிட்டார். பையனுக்கு மூக்கு, கண், காது எல்லாம் சிவந்துவிட்டது. "மொளகாய் வெதையெல்லாம் எடுத்துட்டுத்தானே கண்ணு போட்டேன்" என்று அவர் பக்கத்திலேயே நின்று வருத்தப்பட்டார். மறுநாள் அரிசி பருப்பு சாதமும் நெய்யும், காலையில் இடியாப்பம் மாதிரியான சந்தகையும் தேங்காய்ப்பாலும். அதற்குப் பிறகுதான் பையன் சிரித்தான். குடிக்க, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்.

அவனுக்குக் கற்றுத் தர வேண்டிய முதல் தமிழ் வார்த்தை 'வணக்கம்' அல்ல, 'போதுங்க'. இலையை மடித்தால் பரிமாற மாட்டார்கள் என்று எங்கள் வாலிபர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, பையன் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டான். ரசம் முழங்கை வரை வந்தது.

5. ஞாயிற்றுக்கிழமை செருப்பு வெளியே, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். கீர்த்தனையை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்தால் கூடவே பாடுவார்கள். மேடையில் நாற்காலி போடாமல் வாலிபர் நடுவே உட்கார வையுங்கள். ஆராதனை முடிந்ததும் வேலை கொடுங்கள். எங்கள் பையன் சமையல் கொட்டகையில் சின்ன வெங்காயம் உரித்தான். மூன்று வாரத்தில் அவன் அதிகம் பேசியது அங்கேதான்.

6. ஊர் காட்டுவதற்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஈரோட்டில் ஆஸ்திரேலிய மிஷனரி பிரப் பெயரில் இருக்கும் ஆலயம், பவானியில் குழித்தறியில் ஜமக்காளம் நெய்வது, காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறை எல்லாம் ஒரே நாளில் அடங்கும்.

7. கிளம்பும் முன் விமானத்தில் எத்தனை கிலோ அனுமதி என்று கேட்டுவிட்டு அன்பளிப்பு வாங்குங்கள். நாங்கள் கேட்கவில்லை. ஆளாளுக்குக் கொடுத்த சால்வை, அரைக் கிலோ மஞ்சள், ஒரு ஜமக்காளம். பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டது. பையன் யோசித்துவிட்டுத் தன் மலையேறும் ஷூவை எடுத்து வெளியே வைத்தான். அது இன்னும் அமிச்சி வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. சபையில் ஒருவருக்கும் அளவு சேரவில்லை.